மலையக ஈரத்தில் மொடல் கட்டி வர்ணம் பூசுதல்: நீண்டகாலப் பாவனையில் கண்டவை

துண்டுகளை ஒட்டிக் கட்டும் சிறிய விமானம் போன்ற பிளாஸ்டிக் மொடல்களுக்கான பெயின்ட், பசை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் காயும் நேரம், 20 முதல் 25 பாகை வெப்பமும் நடுத்தர ஈரப்பதனும் உள்ள அறைக்குரியது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ தலவாக்கலை, அட்டன் பக்கத்திலோ மழை மாதங்களில் அந்தக் கணக்கு பொருந்தாது. அறைக்குள் 16 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்பது இங்கே சாதாரண நாள். அதே போத்தல், அதே தூரிகை, அதே கை, ஆனாலும் விளைவு வேறு. பல வருடப் பாவனைக்குப் பிறகு என் முடிவு இது: வெயில் வரட்டும் என்று காத்திருப்பதை விட மொடலைச் சூடாக வைத்திருப்பதுதான் வழி.

இங்கே அதிகம் பேரை மனமுடைய வைப்பது, நிறமின்றி மேலே பூசும் கிளியர் பூச்சு வெள்ளை பூப்பது. வேகமாக ஆவியாகும் கரைப்பானுள்ள லக்கர் வகை கிளியரை அடித்த ஒரு நிமிடத்துக்குள், பளபளப்பாக இருந்த இறக்கையின் நடுவில், கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல் தோன்றும். ஓரங்களுக்குப் பரவும். கீழேயிருக்கும் கரும்பச்சை சாம்பல் பச்சையாகிவிடும். பெயின்ட் கெட்டுப்போனதென்று போத்தலை எறிய வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் பிளாஸ்டிக் இன்னும் இரண்டு மூன்று பாகை குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, காயாத பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். 16 பாகையும் 90 வீதமும் உள்ள அறையில் பனி படியும் வெப்பநிலை 14 பாகைக்குச் சற்று மேல். இடைவெளி அவ்வளவுதான்.

வெள்ளை பூத்துவிட்டால் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. மொடலை அரை மணி நேரம் வெளியே விட்டு, பிறகு உலர்பெட்டியில் (பல்ப் சூட்டில் மொடலை உலர்த்தும் டின், கீழே சொல்கிறேன்) ஒரு மணி நேரம் வைத்து, சூடு ஆறுமுன் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போல மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவியான எயார்பிரஷ்ஷால் மிக மெல்லியதாக ஒருமுறை தூவினால், மேல்பூச்சு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். பெரும்பாலும் ஒரே தடவையில் சரியாகும். தூவல் தடித்தால் கீழ்ப்பூச்சும் கரையும்.

உலர்பெட்டி கடையில் வாங்க வேண்டிய சாமான் அல்ல. பெரிய சதுர பிஸ்கட் டின் ஒன்று, பீங்கான் ஹோல்டர், 40 வாற்று பழைய குண்டு பல்ப், சமையலறை வெப்பமானி போதும். எல்.ஈ.டி. பல்ப்பில் போதிய சூடு வராது. டின்னின் அடிப்பக்கத்தில் 10 மி.மீ. துளை நான்கு, மேல்பக்கத்தில் நான்கு. பல்ப்புக்கும் மொடலுக்கும் இடையே கம்பி வலையும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளியும் வேண்டும். உலோகப் பெட்டி என்பதால் எர்த் வயர் கட்டாயம். 35 முதல் 40 பாகை போதுமானது. 50ஐத் தாண்டினால் 1/72 அளவு (நிஜத்தின் 72இல் ஒரு பங்கு) விமானத்தின் மெல்லிய இறக்கையும் வால் துண்டும் முறுகக்கூடும், திருப்பி நிமிர்த்துவது கடினம். ஈரப் பெயின்டோடு உடனே உள்ளே வைக்கக் கூடாது. கரைப்பான் ஆவி போக அரை மணி நேரம் வெளியே விட்ட பிறகுதான் பெட்டி.

இதன் கணக்கு தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. மழைநாளில் கொழுந்து வாட்டுவதற்குச் சூடான காற்றைக் கலக்கிறார்களே, அதேதான். 16 பாகையில் 90 வீதமாக இருக்கும் காற்றை 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறத்தாழ 62 வீதத்துக்கு இறங்கும். 38 பாகைக்கு ஏற்றினால் 25 வீதத்துக்கு வந்துவிடும். தண்ணீரை எங்கும் அகற்றவில்லை, காற்றின் கொள்ளளவுதான் கூடுகிறது. ஆனால் சூட்டுக்காக அறையில் விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு எதையும் எரிக்கக் கூடாது. எரியும்போது அவை நீராவியையும் சேர்த்தே விடுகின்றன. அதோடு லக்கர் ஆவி நெருப்பைப் பிடிக்கும். அடுப்படியும் பெயின்ட் மேசையும் ஒரே காம்பராவில் இருக்கவே கூடாது.

பூசுவதற்கு முன் மொடலையும் இருபது நிமிடம் பெட்டியில் வைத்து எடுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கும் முன், காலை பத்தரை முதல் பகல் ஒரு மணி வரை நல்ல நேரம். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை மேசையிலேயே வைத்திருப்பது நல்லது. 65 வீதத்துக்குக் கீழே என்றால் எதையும் பூசலாம். 75 வரை லெவலிங் தின்னருடன் லக்கர் சரிவரும். 80க்கு மேலே கிளியரைத் தொடாதீர்கள், பாகங்களை வெட்டித் தேய்க்கும் வேலையைச் செய்யுங்கள். பருவமும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். மேற்குச் சரிவில் பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். பதுளை, பண்டாரவளையில் யூன் முதல் ஓகஸ்ட் வரை வரண்ட கச்சான் காற்று வீசும்போது பெயின்ட் கொழும்பை விட வேகமாகக் காய்கிறது. அப்போது எதிர்ப் பிரச்சினை வரும்: எயார்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

எந்தப் பெயின்ட் என்று கேட்டால், எயார்பிரஷ் உள்ளவர்களுக்கு தமியாவின் எக்ஸ், எக்ஸ்.எஃப். அக்ரிலிக் வகையைத்தான் முதலில் சொல்வேன். 10 மி.லீ. போத்தல், பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு, 0.3 மி.மீ. முனை, 15 முதல் 18 பி.எஸ்.ஐ. அழுத்தம். அதற்குரிய எக்ஸ்-20ஏ தின்னர் கிடைக்காவிட்டால் ஐசோபுரொப்பைல் அல்ககோல் வேலை செய்யும். ஆனால் இதைத் தூரிகையால் பூசப் போனால் இரண்டாம் பூச்சு முதல் பூச்சை உரித்தெடுக்கும். ஹாட்வெயார் கடை என்.சி. தின்னர் எயார்பிரஷ் கழுவ மட்டும். மொடல் பிளாஸ்டிக்கில் பட்டால் அது உருகிக் குழையும்.

தூரிகைதான் இருக்கிறது என்றால் வல்லெஹோ போன்ற நீர்ப் பெயின்ட். இதில் மலைநாட்டுக்குச் சாதகமான ஒன்று உண்டு: குளிரிலும் ஈரத்திலும் தட்டில் பெயின்ட் சீக்கிரம் காயாது, தூரிகைக் கோடுகள் தாமாகச் சமப்பட நேரம் கிடைக்கும். மணமும் இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் லயன்களில், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு லக்கர் வாடை போகாமலிருப்பது சின்ன விஷயமல்ல. பலவீனம் ஒட்டுதலில் இருக்கிறது. பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் பூசினால், நிற எல்லையை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்போடு சேர்ந்து உரிந்து வரும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மணி நேரம், டேப் ஒட்டுவதற்கு முன் இரண்டு முழு நாள்.

14 மி.லீ. தகர டின்னில் வரும் ஹம்ப்ரோல் எனாமல் வெள்ளை பூக்காது, தூரிகையில் மிக அழகாகப் படியும். 1942 ஏப்ரல் 5இல் இரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் போர் விமானங்களின் மண்ணிறத்துக்கு அதன் 29ஆம் இலக்கம் நன்றாகப் பொருந்தும். ஆனால் ஒரு நாளில் காய வேண்டியது மழை மாதத்தில் மூன்று நான்கு நாள் எடுக்கும், பளபளப்பு வகை ஒரு வாரம். மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பெயின்ட் வாடை இருக்கும்வரை காயவில்லை. அதுவரை அடுப்புச் சாம்பல் படியாமல் மூடிவையுங்கள். 1/72 ஹரிக்கேனின் இறக்கை அகலம் 17 செ.மீ. தான், சோற்றுச் சட்டி மூடியே போதும்.

ஸ்பிரே டின் குளிர்ந்திருந்தால் உள்ளழுத்தம் குறைந்து, பூந்தூறலுக்குப் பதில் புள்ளி புள்ளியாகக் கக்கும். கை தாங்கும் வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கி, டின்னைத் துடைத்த பிறகு அடியுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

எயார்பிரஷ்ஷுக்குக் காற்றுக் கொடுக்கும் கொம்பிரசரில் இரண்டு விஷயம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே காற்றுத் தாங்கி நிரம்ப அதிக நேரம் எடுக்கும், மோட்டாரும் அதிகம் சூடேறும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். மற்றது தண்ணீர். அழுத்தப்பட்ட ஈரக்காற்று குழாயில் வரும் வழியில் ஆறி நீராகிறது. தாங்கிப் பக்கத்து வடிகட்டியைத் தாண்டியும் அது வரும். எயார்பிரஷ்ஷின் அடியில் இன்னொரு சிறிய நீர்வடிகட்டி பூட்டாவிட்டால், சமமான பூச்சின் நடுவே திடீரென்று குண்டூசித் தலை அளவில் வட்டக் குழிகள் விழும். வேலை முடிந்ததும் தாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்தே வைக்க வேண்டும்.

பசையில், தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்மப் பசை குளிரில் வேகம் குறைகிறது. ஒட்டிய இணைப்பை அடுத்த நாளே தேய்த்து வர்ணம் பூசினால், இரண்டு வாரம் கழித்து அந்தக் கோடு மெல்லிய பள்ளமாக மீண்டும் தெரியும். இணைப்பை ஐந்து நாளாவது விட்டு, பிறகு 400, 600, 1000 இலக்க வாட்டர் பேப்பரால் தேய்க்கவும். சூப்பர் குளூ இதற்கு நேர் எதிர். அதை இறுகவைப்பதே ஈரம்தான், எனவே நொடியில் பிடிக்கும், ஆனால் அதன் ஆவி விமானி அறைக் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். கண்ணாடித் துண்டுகளுக்கு வெள்ளை பி.வி.ஏ. பசையே பாதுகாப்பு. போத்தலைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையெனில் உள்ளே நீர் படிந்து முழுப் போத்தலும் கட்டியாகும்.

நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளுமான டெக்கலை ஒட்டுமுன் தமியா எக்ஸ்-22 பளபளப்புக் கிளியர் அவசியம். பளபளப்பில்லாத மட் பூச்சின் சொரசொரப்பில் காற்று சிக்கி, டெக்கலின் அடியில் வெள்ளிபோல மின்னும். ஒட்டிய டெக்கலை ஓர் இரவு விட்டு, பிறகே மேல்பூச்சு.

கட்டாத பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். டெக்கல் தாளை முதல் நாளே எடுத்து, சிலிக்கா ஜெல் பொதியோடு சிப் உறையில் தட்டையாக வையுங்கள். ஈரம் குடித்த தாள் அதன் பாதுகாப்புக் கடதாசியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது எழுத்துகளும் கூடவே வந்துவிடும். பொதியிலுள்ள மணிகள் நிறம் மாறினால் வேறு பொதியை உறைக்குள் போடுங்கள்.