கூல்டின் இரண்டு கோல்ட்பெர்க் பதிவுகள்: 1955-ஆ, 1981-ஆ?

இசையமைப்பாளர் பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை (ஆரியா என்ற தொடக்க மெட்டும், அதை அடிப்படையாகக் கொண்ட 30 வேரியேஷன்களும், அதாவது மாற்று வடிவங்களும்) பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இரண்டு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்தார், இரண்டும் நியூயார்க்கில். முதல் பதிவு 1955, அப்போது அவருக்கு வயது 22.

அந்தப் பதிவு சுமார் 38 நிமிடம்தான். மறுபடி வாசிக்க வேண்டிய பகுதிகளை எல்லாம் விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலாகப் போகிறார், ஆனால் அந்த வேகத்திலும் இடது கை, வலது கை இரண்டும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கின்றன, அதுதான் இன்றும் என்னை அசரவைக்கிறது. மோனோ (ஒற்றை ஒலித்தடம்) பதிவு என்பதால் ஒலி கொஞ்சம் வறட்சிதான்.

1981 பதிவு சுமார் 51 நிமிடம், டிஜிட்டல். சில பகுதிகளை மறுபடி வாசித்ததும் நீளத்துக்கு ஒரு காரணம், ஆனால் வேகமும் மாறியிருக்கிறது: தொடக்க ஆரியா முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது, இதில் மூன்று நிமிடம். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கிறது, 30 வேரியேஷன்களும் ஒரே நாடித்துடிப்பில் கோத்த மாதிரி நகர்கின்றன. அப்புறம், அவர் கூடவே முனகுவதும் நன்றாகக் கேட்கும். சிலருக்கு அது எரிச்சல், எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல.

இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதுபவர்கள் பழையது வேகம், புதியது நிதானம் என்று முடித்துவிடுகிறார்கள். 25-ஆவது வேரியேஷனைக் கேளுங்கள், அங்கே 1955 பதிவுதான் மெதுவாகப் போகிறது.

முதல் முறை கேட்பவர் என்றால் 1955. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், சரி, நான் 1981-ஐத்தான் எடுப்பேன்.