எல்லைக் காவல்: கைது எண்ணிக்கையா, 90 சதவீதமா, கைரேகையா?

அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எங்களுக்கு 2013 மறக்காது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கு நாட்டுவாரியாக இருக்கும் உச்சவரம்பை நீக்கும் பிரிவு அந்த ஆண்டு வந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாவில் இருந்தது. அமெரிக்க செனட்டில் 68-32 என நிறைவேறிய மசோதா, பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கே வராமல் போயிற்று. முதலில் மெக்சிகோ எல்லையைப் பூட்டுங்கள், அப்புறம் மற்றதெல்லாம் என்றார்கள் எதிர்த்தவர்கள். சரி, பூட்டியாயிற்று என்று எதை வைத்துச் சொல்வது? அன்றிலிருந்து இந்தக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். இப்போது நான் நம்புவது கைரேகைக் கணக்கை.

அனுமதியின்றி எல்லை கடந்து பிடிபட்டவர்களின் கைது எண்ணிக்கை 2000-இல் 16 லட்சத்துக்கு மேல். 2011-இல் சுமார் 3.4 லட்சம். எண்ணிக்கை இறங்கியது காவலாலா, அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் படுத்ததாலா? அந்த எண்ணுக்குத் தெரியாது.

மசோதா வைத்த இலக்கு 90 சதவீதம். அதாவது நுழைய முயன்றவர்களில் பிடிபட்டவர்களும் திரும்பிப் போனவர்களும் சேர்ந்து எத்தனை பங்கு என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பியவர்களை யார் எண்ணுவது? ரோந்துக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் டயர்களைக் கட்டி இழுத்து மண்பாதையைச் சமன் செய்துவிட்டு, பிறகு வந்து காலடித் தடம் தேடுகிறார்கள். கடப்பவர்களோ செருப்புக்கு அடியில் கம்பளத் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். 80 பேர் பிடிபட்டு, 10 பேர் திரும்பி, 10 பேர் தப்பினால் 90 சதவீதம். தப்பியவர்களில் ஐந்து பேரின் தடத்தைக் காற்று அழித்துவிட்டால் மதிப்பெண் 95-ஐ நெருங்கிவிடும். கண்காணிப்பு மோசமானால் மார்க் ஏறுகிறது. ட்ரோனும் ரேடாரும் வைத்து நன்றாகப் பார்க்கும் பிரிவுக்கு மார்க் இறங்குகிறது. இந்த ஒரு கோளாறே போதும், நான் இதை ஒதுக்க. செனட்டும் கடைசியில் 700 மைல் வேலி, கூடுதலாக 20,000 காவலர்கள் என்று நிபந்தனை வைத்தது. அது செலவின் அளவு, பலனின் அளவு அல்ல.

பிடிபடுபவரின் கைரேகையைப் பதிவு செய்வதால், அதே ஆள் மறுபடி வந்தால் தெரிந்துவிடும்; ஊகத்துக்கு இடம் குறைவு. பிடிபட்டவர் அதே நிதியாண்டில் மறுபடியும் பிடிபட்டாரா என்பதுதான் கேள்வி. 2019-இல் அப்படிப்பட்டவர்கள் 7 சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி, டைட்டில் 42 என்ற பொதுச் சுகாதார விதியில் உடனுக்குடன் திருப்பி அனுப்பத் தொடங்கியதும் அது 26 சதவீதம் ஆனது. வழக்கு இல்லை, தண்டனை இல்லை. அனுப்பினால் மறுபடி வந்தார்கள். கைதுகளை மட்டும் எண்ணியவர்களுக்கு ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிந்தார்.

நான் எல்லைக்குப் போய்ப் பார்த்தவனில்லை. ஆவணங்களை வைத்துத்தான் சொல்கிறேன். ஒருமுறைகூடப் பிடிபடாதவர் கைரேகைக் கணக்கில் வரமாட்டார். விசாவோடு விமானத்தில் வந்து தங்கிவிடுபவரும் வரமாட்டார். தாமாகவே காவலரிடம் வந்து அடைக்கலம் கேட்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஏற்ற அளவுகோல் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.