ஆட்டிறைச்சியும் ராஜ்மாவும் ஒரே குக்கரில்: சில ஆண்டுப் பயன்பாட்டின் பின்

2022ஆம் ஆண்டு சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்து, திருகோணமலையிலும் பல வீடுகளில் மறுபடி விறகடுப்பு மூட்டப்பட்ட காலத்தில், கையிலிருந்த ஒரு சிலிண்டரை இயன்றவரை இழுத்துப்பிடிக்கவே 5 லீற்றர் அலுமினியக் குக்கரை வாங்கினோம். தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் அது பரணுக்குப் போகாததற்கு முதற் காரணம், எலும்போடு கூடிய ஆட்டிறைச்சியும் ராஜ்மாவும் சேர்த்து வைக்கும் கெட்டிக் குழம்புதான். பிரேசிலின் ஃபெய்ஜோவாடா போல இறைச்சியும் விதையும் ஒரே சட்டியில் வேகும் சமையல் வெளிநாடுகளில் பேர்பெற்றது. நம் வீடுகளிலோ கௌபியை அவித்துத் தேங்காய்ப்பூவும் சம்பலும் வைத்துக் காலையில் உண்பதோடு சரி.

ஒரே பாத்திரம் என்பதற்காக எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடிவிட முடியாது. ஊறிய ராஜ்மா முழு அழுத்தத்தில் 10, 12 நிமிடங்களில் வெந்துவிடும். முற்றிய ஆட்டின் கழுத்தும் காலெலும்பும் அரை மணி நேரம் கேட்கும். ஆகவே அரைக் கிலோ இறைச்சியை வெங்காயம், இஞ்சி, உள்ளி, கறுவா, ரம்பை, வறுத்த கறித்தூள் ஆகியவற்றோடு வதக்கி, தண்ணீர் விட்டு 20 நிமிடம் வேகவைத்து, ஆவி அடங்கித் திறந்த பின்னரே, முன்பே ஊறவைத்து வடித்த 250 கிராம் ராஜ்மாவைச் சேர்க்கிறேன். இடையில் திறக்கப் பஞ்சிப்பட்டால் விதை கரைந்து களியாகிவிடும்.

விதை வேகவில்லை என்று குக்கரைக் குறை சொல்லுமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். எங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறம் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டும். அந்நீரிலுள்ள கல்சியம் விதைத்தோலின் பெக்டினை இறுக்கிவிடுவதால், எவ்வளவு நேரம் விசில் அடித்தாலும் தோல் பல்லில் தட்டுப்படும். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்த குழாய் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால், சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோல் இளகிவிடுகிறது. புளிப்பும் விதையை இறுக்குவதால் தக்காளியையும் தேசிக்காய்ப் புளியையும் கடைசியிலேயே சேர்க்க வேண்டும். ஊறிய நீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். பச்சை ராஜ்மாவிலுள்ள நச்சுப்புரதம் குறைந்த சூட்டில் அழியாது, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும். முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை சூடேறும் குக்கரில் இந்தக் கவலை இல்லை. ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் விதையைத் தனியே கொதிக்கவைத்த பின்னரே அதில் இட வேண்டும்.

குக்கரின் பெருங்குறை, குழம்பு வற்றாது என்பது. மூடியைத் திறந்ததும் எண்ணெய் ஒருபுறம், தண்ணீர் ஒருபுறமாக நிற்கும். ஓர் அகப்பை விதையைப் பாத்திர ஓரத்தில் வைத்து மசித்து, முதற்பால் விட்டு, திறந்தபடியே மெல்லிய தீயில் 10 நிமிடம் வைத்தால்தான் கறித்தூளின் வாசம் மேலெழுந்து, குழம்பு அகப்பையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் பதத்துக்கு வரும். ரோஸ்ட் பாணுக்கு இது நன்றாகப் பொருந்தும். புட்டுக்குச் சற்றுத் தளர இருக்க வேண்டும்.

குக்கரைப் பற்றிச் சொல்வதானால், றப்பர் வளையம் விறைத்துக் கைப்பிடிப் பக்கமாக ஆவி கசியத் தொடங்கியபின் புதிது மாற்றினோம். தயாரிப்பாளரின் சொந்த வளையத்தையே வாங்குவது நல்லது, அளவு ஒன்றென்று கடையில் தரும் மலிவு வளையம் சரியாக உட்காருவதில்லை. விதை நுரைத்துத் தோல் எழும்பி ஆவித் துளையை அடைக்கக்கூடும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒவ்வொரு முறையும் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே மூடுகிறேன். கிணற்று நீர் பட்டுப் பட்டு உட்புறம் கறுத்துவிட்டது; தேசிக்காய்த் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்தால் அது பெருமளவு வெளுக்கிறது. இனி வாங்குவதானால், விலை கூடினாலும், அடி தடித்த எவர்சில்வர் குக்கரையே எடுப்பேன், ஏனெனில் புளிப்புச் சேர்ந்த குழம்பை அலுமினியத்தில் இரவு முழுக்க விட்டுவைக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது.