காட்டோரத் தோட்டத்து நாய்களுக்கு ப்ரேவெக்டோ உண்ணி மாத்திரை

ஏற்காட்டிலோ சிறுமலையிலோ சில்வர் ஓக் நிழலில் இருக்கும் காப்பித் தோட்டமானாலும் சரி, வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு தொடங்கிவிடும் மாந்தோப்பானாலும் சரி, காவலுக்கு அவிழ்த்துவிட்ட நாய்க்குச் சிறுத்தைக்கு அடுத்த எதிரி உண்ணிதான். உண்ணிச்செடிப் புதருக்குள் கீரியை விரட்டி, ஓடையில் புரண்டு வரும் நாய்க்குப் பவுடர் தங்காது. அடிக்கடி நனைந்தால் முதுகில் விடும் பல சொட்டு மருந்துகளும், உண்ணிக்கான கழுத்துப்பட்டைகளும் சொன்ன நாள் வரை தாங்காது. ப்ரேவெக்டோ மாத்திரையில் இருக்கும் ஃப்ளூரலானர் என்ற மருந்து உள்ளிருந்து வேலை செய்வதால் மழையும் குளியலும் அதைப் பாதிப்பதில்லை. ஒரு மாத்திரை 12 வாரம் வரை தாங்கும். இப்படித் திரியும் நாய்க்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

வாங்குவதற்கு முன் எடை பார்த்தே ஆக வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். 10 முதல் 20 கிலோ வரை 500 மில்லிகிராம். நம் நாட்டு நாய்கள் பெரும்பாலும் இதற்குள் வரும். 20 முதல் 40 கிலோ வரை 1000 மில்லிகிராம். வளர்ந்த ராஜபாளையத்துக்கு இதுதான். பெரிய மாத்திரையை வாங்கி இரண்டு நாய்க்குப் பாதி பாதியாகக் கொடுப்பது பல தோட்டங்களில் நடக்கிறது. அது தவறு. இதை உடைக்கக் கூடாது என்றே கம்பெனி சொல்கிறது. வெறும் வயிற்றில் கொடுக்காமல் சோறு வைக்கும் நேரத்தில் கொடுங்கள். வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்து பின்னால் போய்த் துப்பும் நாய்களும் உண்டு, விழுங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

"மாத்திரை போட்டும் உண்ணி ஏறுகிறதே" என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். இந்த மருந்து உண்ணியை அண்டவிடாமல் விரட்டாது. கடித்து ரத்தம் குடித்த உண்ணியைத்தான் கொல்லும். அதனால் புதரிலிருந்து வந்த நாயின் மேல் உயிரோடு ஊர்ந்துகொண்டிருப்பது மருந்தின் குறை அல்ல. ஆனால் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இறங்கிவிடக்கூடும். ஆகவே மாலையில் கையால் தடவிப் பார்க்கும் வேலையை நிறுத்தவே கூடாது. காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வால் அடி, கழுத்துப்பட்டைக்குக் கீழே பாருங்கள். கண்ணில் பட்டால் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் நாய்க்குத்தான் புண். விரலால் நசுக்கவும் வேண்டாம்.

அடுத்தது கொட்டில். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் சாக்குக்கு அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த வெடிப்பைப் பூசி அடைக்காமல், பழைய சாக்கை எரிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் புதுக் குஞ்சுகள் ஏறிக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் நான்கு நாய் இருந்தால் நான்குக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றை விட்டாலும் உண்ணி அதன் மேல் வளர்ந்து கொட்டிலை நிறைத்துவிடும்.

விலை ஒரே தடவையில் பார்த்தால் அதிகம்தான். மாதாமாதம் போடும் சொட்டு மருந்து மூன்றின் விலையோடு வைத்துப் பாருங்கள். வலிப்பு வந்திருக்கும் நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது. குட்டிக்கும் அவரைக் கேட்டே கொடுங்கள். கொடுத்த அன்று ஒரு முறை வாந்தியோ பேதியோ ஆவது உண்டு. மாத்திரை வாந்தியோடு வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை போட்டிருக்கும்போதே நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.