1972 செவி சி10-ல் 5.3 எல்எஸ் எஞ்சின்: சில வருடம் ஓட்டிய பிறகு

என் பழைய பிக்கப் டிரக்கில் எஞ்சின் மாற்றிய புதிதில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டது, "எத்தனை குதிரைசக்தி?" இப்போது என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. காலையில் சாவியைத் திருப்பினதும் கிளம்புகிறதா, ஜூலை வெயிலில் சிக்னலில் அணையாமல் நிற்கிறதா, மலை ஏறுகிறதா, இவைதான் சங்கதி. மூன்றிலும் வண்டி பாஸ். ஆனால் செலவும் தலைவலியும் எஞ்சினில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றிலும்தான்.

வண்டி 1972 செவ்ரோலெட் சி10. 1967-ல் வந்த அந்த உடம்புக்கு அதுதான் கடைசி வருடம். உள்ளே 350 கன அங்குல வி8 எஞ்சின், நாலு பேரல் கார்புரேட்டர், தொழிற்சாலைக் கணக்கில் 175 குதிரைசக்தி. மூன்று கியர் ஆட்டோமேட்டிக், ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) கிடையாது. 65 மைல் வேகத்துக்கே எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தொட்டுக் கத்தும். கலிபோர்னியாவின் சேக்ரமென்டோவிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் டானர் மலை உச்சிக்கு ஏறினால் 7,200 அடிக்கு மேல் உயரம். மேலே போகப்போகக் காற்று மெலியும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். உச்சியில் கரும்புகை, இழுவை பாதி.

மாற்றாக எடுத்தது ஜிஎம்மின் எல்எஸ் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 5.3 லிட்டர் எல்எம்7. 1999 முதல் 2007 வரை சில்வராடோ, டாஹோ, சபர்பன் என்ற செவி வண்டிகளில் வந்த எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், வருடத்தைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைசக்தி. காயலாங்கடையில் எப்போதும் கிடைக்கும். எனக்கு ஆக்ஸிலரேட்டர் பெடலோடு கம்பியால் இணையும் கேபிள் த்ராட்டில்தான் வேண்டும் என்று 2002 சில்வராடோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பழைய பெடலோடு இணைப்பது சுலபம். கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு டாலர். வேலை முடிந்தபோது மொத்தச் செலவு எட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

கலிபோர்னியாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடலுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976-லிருந்து கதை வேறு: போடுகிற எஞ்சின் வண்டியின் வருடத்தது அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், அதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் ஒன்றுவிடாமல் கூடவே வர வேண்டும். வண்டி வாங்கும்முன் வருடத்தைப் பாருங்கள்.

வேலையில் பெரிய பகுதி பெட்ரோல்தான். இந்த மாடலில் டாங்க் கேபினுக்கு உள்ளே, சீட்டுக்குப் பின்னால் நிற்கும். கார்புரேட்டருக்கு ஐந்தாறு பிஎஸ்ஐ அழுத்தம் போதும். எல்எம்7-க்கு 58 வேண்டும். அதனால் புது டாங்க் ஒன்றைப் பின்பக்கம், ஃபிரேமின் இரண்டு தண்டுகளுக்கு நடுவே இறக்கி, உள்ளேயே மூழ்கும் பம்ப் வைத்தோம். பழைய கார்வெட்டுக்கு வரும் ஃபில்டரிலேயே அழுத்தக் கட்டுப்பாடும் சேர்ந்திருக்கும். அதைப் போட்டால் எஞ்சினுக்கு ஒரே குழாய் போதும், மிச்ச பெட்ரோல் ஃபில்டரிலிருந்தே டாங்குக்குத் திரும்பிவிடும். கேபினில் பெட்ரோல் வாடை அன்றோடு போயிற்று. வீட்டம்மா இந்த வண்டியில் நீண்டதூரம் வர ஒத்துக்கொண்டது அதற்கப்புறம்தான்.

ஆனால் கால் டாங்குக்குக் கீழே போனால் வளைவில் எஞ்சின் விக்கும். பம்பைக் கழற்றி அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே வெறும் தகரம். தடுப்புத் தகடு உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். வளைவில் பெட்ரோல் முழுக்க ஒரு பக்கம் ஓடிவிட, பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. வேறு டாங்க் போட்டதும் சரி.

மற்றதெல்லாம் சில்லறை வேலை, ஆனால் ஒன்றையும் விட முடியாது. சில்வராடோவின் ஆயில் பேன் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டு) இதன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். தனி பேன் வாங்க வேண்டும். ஹெட்டிலிருந்து வரும் சின்ன நீராவிக் குழாயை அடைத்துவிடாமல் ரேடியேட்டரின் மேல்பக்கம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கி சூட்டுமுள் ஆட்டம் போடும். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்கி எழுதாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உடனே அணையும். பழைய ஸ்பீடாமீட்டர் கேபிளில் சுழல்வது, புது கியர்பாக்ஸ் தருவதோ மின்சார சிக்னல். நடுவில் மோட்டார் வைத்த ஒரு பெட்டி, அதற்குத் தனி விலை. எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போதே காற்று போகும் இன்டேக்கைக் கழற்றி அடியில் இருக்கும் இரண்டு நாக் சென்சாரையும் (எஞ்சின் தட்டுவதை உணர்பவை) மாற்றிவிடுங்கள். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். பின்பக்கத்து சென்சாரைச் சுற்றி மோதிரம் மாதிரி துரு கட்டியிருந்தது. ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கையும் அப்போதே மாற்றுங்கள், சில டாலர்தான்.

இப்போது ஓட்டம். கேலனுக்குப் பதினொரு மைல் கொடுத்த வண்டி நெடுஞ்சாலையில் பதினேழு கொடுக்கிறது. நான்காவது கியர் 0.70 என்பதால் 65-ல் இரண்டாயிரம் சுற்றுதான். பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம். டானரில் புகை இல்லை, காற்றை அளந்து கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது.

இழந்ததும் உண்டு. பழைய 350 மக்கர் பண்ணினால் ஒரு ஸ்குரூடிரைவரோடு ரோட்டோரத்தில் சமாளிக்கலாம். இதில் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் துள்ளியது. செல்போனில் பிழைக் குறியீட்டைப் பார்த்தால் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழற்சியை உணர்வது) என்றது. உண்மையில் வயரிங் செய்தவர் எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார். சுரண்டி மாட்டினதும் சரியாகிவிட்டது, ஆனால் கண்டுபிடிக்க ஒரு மதியம் போயிற்று.

இன்னொன்று, எஞ்சின் 75 மைல் வேகத்துக்கு ரெடி, ஸ்டீயரிங் இன்னும் 1972-லேயே நிற்கிறது. 1971-லிருந்தே முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்துவிட்டதால் அந்தக் கவலை குறைவு. ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும் முதலில் காசு ஒதுக்குங்கள், எஞ்சின் பிறகு. ஒரிஜினல் 402 பிக் பிளாக் (350-ஐவிடப் பெரிய எஞ்சின்) நன்றாக ஓடுகிற சி10 கையில் இருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

எஞ்சினோடு வந்த 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பலவீனம், மூன்றாம் நான்காம் கியரைப் பிடிக்கும் மூன்று-நான்கு கிளட்ச். அதனால் டிரெய்லர் இழுக்கும்போது நான் மூன்றிலேயே வைத்துக்கொள்கிறேன், ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் ஆயில் கூலரும் உண்டு. போன கோடையில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியபோது அதன் பேனில் கிளட்ச் தூள் பெரிதாக எதுவும் இல்லை.