தசமமா, தொடர் பின்னமா? ஏ4 தாளில் ஒரு வெட்டு

கல்லடியில் மாலை வகுப்பு. தரம் 10 பிள்ளையிடம் ஏ4 தாளையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, "இதில வெட்டக்கூடிய ஆகப் பெரிய சதுரத்தை வெட்டு மனே" என்றேன்.

நீளம் 297 மில்லிமீற்றர், அகலம் 210. 210 இல் ஒரு சதுரம் போனது. மிஞ்சிய துண்டில் 87 இல் இரண்டு.

"மறுகா, சேர்?"

"மிஞ்சினதிலயும் அப்பிடித்தான்."

36 இல் இரண்டு, 15 இல் இரண்டு, 6 இல் இரண்டு. அதற்குமேல் கத்தரிக்கோலுக்கு ஏலாது; பென்சிலால் கீறினான். 3 இல் இரண்டு, மிச்சமில்லை.

எண்ணிக்கையை வரிசையாக எழுதினால் 1, 2, 2, 2, 2, 2. இதுதான் தொடர் பின்னம்: 1 உடன் 1/(2 + 1/(2 + ...)) என்று அடுக்கிக்கொண்டே போவது. சுருக்கினால் 99/70, அதாவது 297/210 தான். பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண யூக்கிளிட் சொன்ன அதே வகுத்தல். கடைசிச் சதுரத்தின் பக்கமான 3 தான் அந்தக் காரணி.

பாதியாக மடித்தாலும் வடிவம் மாறக்கூடாது என்பதால் ஏ4 இன் விகிதம் √2 ஐ ஒட்டியே இருக்கிறது. தசமத்தில் √2 என்பது 1.41421356..., எந்த ஒழுங்கும் பிடிபடாது. தொடர் பின்னத்திலோ 1 க்குப் பிறகு முடிவேயில்லாமல் 2, 2, 2. முழு எண்களின் வர்க்கமூலங்களில் முழு எண்ணாக வராத எதை எடுத்தாலும் இப்படி ஒரு கோலம் திரும்பத் திரும்ப வரும் என்று 18 ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் லாக்ராஞ்ச் நிறுவினார். எண்ணின் குணத்தை அறிய என் வாக்கு தொடர் பின்னத்துக்குத்தான். 1/3 கூடத் தசமத்தில் முடியாமல் இழுபடுகிறதே!

வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் வருகிற பை (π) விடயத்திலும் அப்படித்தான். அதன் வரிசை 3, 7, 15, 1, 292... முதல் இரண்டோடு நிறுத்தினால் நம் பாடப்புத்தகத்து 22/7. பலர் 3.14 தான் திருத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் 22/7 தான் பையைக் கூடுதலாக நெருங்குகிறது. 292 க்கு முன் நிறுத்தினால் 355/113, ஆறு தசம தானம் வரை சரி.

ஆனால் கூட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். 3/2 இன் வரிசை 1, 2. 1/3 இன் வரிசை 0, 3. கூட்டினால் 11/6; வரிசை 1, 1, 5. எங்கிருந்து வந்தது இந்த 5? சந்தைக் கணக்குக்குத் தசமத்தை விட்டால் வழியில்லை.

நாட்காட்டியிலும் தசமமே வென்றது. ஓர் ஆண்டு சுமார் 365.2422 நாள். தொடர் பின்னம் 33 ஆண்டுக்கு 8 லீப் ஆண்டு என்கிறது. நாம் பின்பற்றும் 400 க்கு 97 ஐ விட அது நெருக்கம். என்றாலும் 33 ஆல் யார் வகுத்துப் பார்ப்பது?

2 இன் கனமூலத்துக்கு வந்தால் இரண்டு பக்கமும் கைவிரிப்பு. 1, 3, 1, 5, 1, 1, 4, 1, 1, 8... இந்த எண்கள் ஓர் எல்லைக்குள் நிற்குமா என்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை. அதையும் வெட்டிப் பார்க்கப் பிள்ளை இன்னொரு தாள் கேட்டான். தாள் விற்கிற விலைக்கு, கொப்பியில் கீறிப் பார் என்று அனுப்பிவிட்டேன்.