ஸ்விஃப்டுக்கு ஸ்டீல் பிரேக் ஹோஸ்: பெடலில் என்ன மாறியது

பத்து வருடம் ஓடிய ஸ்விஃப்ட். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, நிற்கும். ஆனால் மிதித்தால் பெடல் முதலில் கொஞ்ச தூரம் சும்மா போகும், அப்புறம் பஞ்சு மாதிரி அமுங்கும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். ஊருக்குள் இது பெரிய தொந்தரவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் இறங்கும்போது எதிரில் பஸ் ஏறி வரும் நேரத்தில், எவ்வளவு மிதித்தால் எவ்வளவு வேகம் குறையும் என்று காலுக்குத் தெரியாமல் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அதனால் இங்கிலாந்தின் ஹெல் நிறுவனத்து ஸ்டீல் பின்னல் ஹோஸ் செட் வாங்கி மாட்டினேன். ஹோஸ் என்பது பிரேக் ஆயிலைச் சக்கரம் வரை கொண்டுபோகும் வளையும் குழாய். கம்பெனியிலிருந்து வரும் ஹோஸ் ரப்பர். அழுத்தி மிதிக்கும்போது பிரேக் லைனுக்குள் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) தாண்டிப் போகும், ரப்பர் அதற்கு லேசாக உப்பும், வயதான ரப்பர் இன்னும் கூடுதலாக உப்பும். நாம் மிதிப்பதில் ஒரு பங்கு காலிப்பருக்கு (டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் வைத்து இறுக்கும் பாகம்) போகாமல் அந்த உப்பலுக்கே செலவாகிவிடுகிறது. இந்த ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய், அதைச் சுற்றி ஸ்டீல் கம்பிப் பின்னல், அதற்கும் மேலே பிளாஸ்டிக் உறை. உப்ப இடம் கிடையாது.

ஆனால் ஹோஸை மாட்டுவதற்கு முன்பு இரண்டு வேலைகளைத் தனியாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். எது எவ்வளவு மாற்றுகிறது என்று தெரிய வேண்டும் இல்லையா? முதல் வேலை பின் டிரம். டிரம்மின் உட்பக்கத்தில் அழுந்தும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினால் அந்த இடைவெளியை மூடவே பெடல் பாதி தூரம் போய்விடும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு உள்ளே இருக்கிறது, ஆனால் தூசியும் துருவும் ஏறினால் அது மக்கர் செய்யும். கழற்றிச் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் பண்ணியதும் பெடல் நன்றாக மேலே வந்துவிட்டது. சும்மா போன அந்த முதல் தூரத்தில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்தது, செலவு வேலைக்கூலி மட்டும்தான்.

இரண்டாவது பிரேக் ஆயில். இது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு; ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த அளவு 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் காலிப்பர் சூடாகி, ஆயில் கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் தரை வரை போகும். பேட் சூடேறிப் பிடிப்பு குறைவது வேறு விஷயம்: அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இந்த வித்தியாசம் மலைப்பாதையில் ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய ஆயில் டீ நிறத்தில் வந்தது. முழுக்க மாற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்ததும் (லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றியதும்) அந்த அமுங்கல் பாதிக்கு மேல் போய்விட்டது.

மூன்றாவதாகத்தான் ஹோஸ். மாற்றம் மிதித்த உடனே தெரிந்தது. பெடல் கெட்டியாகி, பிடிக்கும் இடம் ஒரே இடமாக நின்றுவிட்டது. லேசாக அழுத்தினால் லேசாகக் குறைகிறது, கொஞ்சம் கூட்டினால் அதற்கேற்ற மாதிரி கூடுகிறது. வளைவுக்குள் நுழையும்போது காலை மெதுவாகத் தளர்த்துவது இப்போது அவ்வளவு சுலபம். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் குறைந்ததா என்றால், இல்லை. அது டயரின் பிடிப்பைப் பொறுத்தது, சக்கரம் சுற்றாமல் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பழைய ஹோஸிலேயே மிதிக்க முடியும். இதைப் போட்டால் வண்டி பாதி தூரத்தில் நிற்கும் என்று எந்தக் கடையில் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மாட்டுவதில் கவனம் தேவை. முதலில் போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய செம்பு வாஷரே போதும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வேலையைத் தொடங்க விடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கானது, பிரேக் விஷயத்தில் அதில் காசு மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியாது. அடுத்துப் போன இடத்தில் மெக்கானிக் அண்ணன் நட்டின் முனை தேயாமல் இருக்க அதற்கென்று உள்ள ஃபிளேர் நட் ஸ்பானரையே எடுத்தார், ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டே ஏர் எடுத்தார் (காலியானால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விடும், அப்புறம் ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்றுவது பாடு), பெயின்ட் மேல் சிந்திய துளியை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் தரையில் நிற்கும் நிலையிலும் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று பார்த்தார். அந்தக் கடைசிச் சோதனையை விடவே கூடாது, ஏனென்றால் உறை கிழிந்தால் கம்பிப் பின்னல் உரசும் இடத்தை அறுக்கும், மண் புகுந்தால் உள்குழாயையும் தேய்க்கும்.

ஹோஸும் கூலியும் சேர்த்து 15,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இது கொடுக்கலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் டிரம் அட்ஜஸ்ட், புது ஆயில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் கம்பெனி ஹோஸையே புதிதாக வாங்கிப் போடுங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் ஷோரூமில் கேட்டுவிட்டுத் தொடுங்கள், பிரேக்கில் வெளிப் பொருள் போட்டால் பிறகு வரும் கோளாறுக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம்.